சட்டைப் பையில் சாவியம்மா

“மூடிட்டா அம்மாவுக்குக் கேக்காதுப்பா. பொத்தானைப் போடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே மகள் அப்பாவின் சட்டைப் பையின் மடிப்பை உள்ளே திணித்து, கைபேசியைத் தலைகீழாகச் செருகினாள். பேசுகிற முனை மேலே இருக்க வேண்டுமாம். அவளுடைய கைபேசி ஏற்கெனவே கட்டிலில், அம்மாவின் தலையணை மேல், காதோரமாக இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் அரை நொடி கழித்துத் தலையணையிலிருந்தும் கேட்டது.

“கேக்குது, கேக்குது. கிளம்புங்க” என்றாள் கட்டிலில் கிடந்தவள், கண்ணைத் திறக்காமலே.

“நான் போகல.” காலையிலிருந்து நாலாவது தடவையாகச் சொன்னார்.

“ஏன், வண்டி ரிப்பேரா?”

“விளையாடாத. உன்னை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?”

“நான் எங்க எந்திரிச்சு ஓடிடப் போறேன்?” என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. “ரெண்டு வாரம் முன்னாடி சொன்ன நாள். இருபத்தாறு வருஷத்துல வரச் சொல்லிட்டு நான் வராம இருந்திருக்கேனா? சொல்லுங்க.”

இருந்ததில்லை. அவருக்குத் தெரியாதா என்ன, எல்லா இடத்துக்கும் வண்டி ஓட்டியது அவர்தானே.

விடிந்ததும் வந்த நர்ஸ், போர்வையை விலக்கிக் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகளை நடைக்குக் கூட்டிப் போய், “இன்னைக்கோ நாளைக்கோங்க” என்றாள். சின்ன வீடு. நடையில் சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. கட்டிலுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? அதற்கப்புறம்தான் அவள் இந்தப் பிடிவாதத்தைப் பிடித்தாள்.

ஊரில் அவளுக்குச் சாவியம்மா என்று பெயர். நகரத்தில் மாடி மேல் மாடியாக வாழ்ந்து அலுத்துப்போய், கிராமப்புறத்தில் ஒரு வீடு வாங்கினால் தேவலை என்று வருகிறவர்களுக்கு வீடு காட்டுவது அவள் தொழில். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு சாவி, சாவிக்கொரு அட்டை. அவர் வண்டி ஓட்டுவார். வீடு வந்ததும் இறங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வண்டியோரமாக நிற்பார். பேச்சென்றால் மனிதருக்கு வேப்பங்காய். ஒரு முறை வீடு பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி, “டிரைவர் அண்ணா, நீங்களும் ஒரு டீ குடிங்க” என்று கோப்பையை நீட்ட, அவரும் பவ்யமாக வாங்கிக் குடித்துவிட்டார். சாவியம்மா திருத்தவில்லை. வீடு வந்து சேரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவர் அவளுக்கு டிரைவர்தான்.

இன்றைக்கு வருகிறவர்கள் ஒரு டீச்சரும் அவள் கணவரும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாவது மாடியில் பதினெட்டு வருடம் இருந்தவர்கள். இதுவரை பதினோரு வீடு பார்த்துவிட்டார்கள், பதினொன்றையும் வேண்டாம் என்று சொன்னது யார் தெரியுமா? சாவியம்மாவேதான். இது பன்னிரண்டாவது. மாதக் கடைசியில் நகரத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அதே வீட்டை நாளைக்குக் காட்டுகிறேன் என்று ‘பளபளா’ என்கிற இன்னொரு புரோக்கர் அவர்களுக்குப் போன் செய்திருக்கிறார். பளபளா காட்டினால் சன்னலையும் பூவையும் காட்டுவார். வீட்டுக்கு முன்னால் ஓடும் ஓடையைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

“அவங்க அவசரத்துல இருக்காங்க” என்றாள் சாவியம்மா. “அவசரத்துல இருக்கிறவங்களுக்குத்தான் குறையை ரெண்டு தடவை சொல்லணும். போய்ச் சொல்லுங்க. நான் கேட்டுட்டே இருப்பேன். எல்லாத்தையும் காட்டாம வந்தீங்க, அப்புறம் பாருங்க.”

மகள் பலகையிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் குனிந்து மனைவியின் நெற்றியைத் தொட்டார். சில்லென்று இருந்தது.

“நேரமாச்சு டிரைவரே” என்றாள்.

போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து. காட்டுவதற்கு ஒரு மணி நேரம். அதற்குள் ஒன்றும் ஆகாது, ஆகக் கூடாது என்று வழி நெடுக அவர் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். பையிலிருந்து அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு முறை இழுப்பு நீண்டுபோனபோது வண்டியை ஓரங்கட்டினார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றது பை.

“ஒண்ணுமில்ல.”

“அப்ப ஓட்டுங்க.”

வீட்டு வாசலில் அவர்கள் காத்திருந்தார்கள். டீச்சர் எட்டிப் பார்த்து, “சாவியம்மா வரலையா?” என்றாள்.

“அவளுக்கு உடம்பு முடியல.” அவர் சட்டையைத் தொட்டுக் காட்டினார். “பையில இருக்கா.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்!

“வாங்க டீச்சர்” என்றது பை, கம்மிய குரலில். “இன்னைக்கு என் வீட்டுக்காரர்தான் காட்டுவார். சந்தேகம் எல்லாத்தையும் அவர்கிட்டயே கேளுங்க.”

வீட்டுக்காரர் என்ற சொல்லைக் கேட்டு மெக்கானிக் திடுக்கிட்டார். இத்தனை நாள் இவரை டிரைவர் என்றே நினைத்திருந்தார் போலிருக்கிறது. சட்டென்று கைகூப்பினார்.

நல்ல வெயில். முற்றத்துப் பேரிக்காய் மரம் அன்றைக்கென்று பார்த்து முழுக்கப் பூத்திருந்தது. பூ உதிர்ந்து படிக்கட்டெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவருக்கோ ஒன்றும் ஓடவில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது? பதற்றத்தில் நேராகப் போய் வாசல் பூட்டில் சாவியைப் போட்டார்.

“சாவியை உள்ள வைங்க” என்றது பை. “ஓடைக்குப் போங்க முதல்ல.”

அடடா! அதுதானே அவள் வழக்கம். நல்லதைக் கடைசியில்தான் காட்டுவாள். வெயில் நாளில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும், பார்க்கிறவர்கள் மயங்கிய பிறகு குறையைச் சொன்னால் காதில் ஏறாது என்பாள். வண்டியோரம் நின்று இதை நூறு முறையாவது கேட்டிருப்பார்.

ஓடைக்குக் கூட்டிப் போனார். சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு தரைப்பாலம். அதன் கீழே கணுக்கால் அளவு தண்ணீர், சலசலவென்று.

“எவ்வளவு அழகா இருக்கு!” என்றாள் டீச்சர்.

“மேல பாருங்க” என்றார் அவர்.

தலைக்கு மேலே கையை உயர்த்தினாலும் எட்டாத ஒரு கிளையில் சருகும் வைக்கோலும் கந்தல் துணியும் சிக்கியிருந்தன.

“அது காத்துல வந்ததில்லீங்க. தண்ணி கொண்டாந்து வச்சது. வருஷத்துக்கு ரெண்டு தடவை, சில வருஷம் மூணு தடவை. பாலம் இருந்த இடமே தெரியாது. நாலஞ்சு நாளைக்கு யாரும் வர முடியாது, போக முடியாது. மருந்து, மளிகை எல்லாம் முன்னாடியே வாங்கி வச்சுக்கணும்.”

மெக்கானிக்கின் முகம் விழுந்துவிட்டது. டீச்சர் கிளையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ரெண்டாவது தடவை” என்றது பை. இப்போது குரல் வெறும் மூச்சாகத்தான் வந்தது.

அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். இத்தோடு முடித்துவிட்டால் என்ன? பெரிய குறையைச் சொல்லியாயிற்று. சாவியை அவர்கள் கையில் கொடுத்து, மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று வண்டியைக் கிளப்பினால், அவள் கையைப் பிடித்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும். கால் தானாக வண்டிப் பக்கம் ஓரடி வைத்தது. பையில் மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. வாங்க என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பறந்திருப்பார். அவள் சொல்லமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

“அடுத்தது வடக்குச் சுவர்” என்றார். “வாங்க.”

வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்த ஈரத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எட்டு ஓடு மாற்ற வேண்டியிருப்பதை வரிசையாகக் காட்டினார். தயங்கித் தயங்கி வந்த பேச்சு இப்போது மடை திறந்ததுபோல் வந்தது. இருபத்தாறு வருடம் வண்டியோரம் நின்று கேட்டதெல்லாம் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது, பாருங்கள்.

கிணற்றடியில் மெக்கானிக் கேட்டார்: “ஏங்க, பதினோரு வீட்டுலயும் கேக்கணும்னு நினைச்சேன், தப்பா நினைக்காதீங்க. விக்கணும்னு வந்துட்டு ஏன் இப்படிக் குறையா சொல்றீங்க?”

அவர் கிணற்றுச் சுவரில் கை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இவ முதல்ல வித்துக் கொடுத்த வீடு ஒண்ணு. மழைக்காலத்துல பாத்தது. கிணறு நிறையத் தண்ணி. கோடையில வத்திப்போகும்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியல. வாங்கின குடும்பம் ஒரே வருஷத்துல சாமானைக் கட்டிக்கிட்டு நகரத்துக்கே போயிருச்சு. போறவங்களைப் பாத்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்தா. எப்பவும் முன் சீட்டுலதான் உக்காருவா. அன்னைக்கு மட்டும் பின்னாடி போய் உக்காந்தா. கண்ணாடியில பாத்தேன். வழி முழுக்க அழுதா.”

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்கப்புறம் எந்த வீட்டையும் மழையில ஒரு தடவை, கோடையில ஒரு தடவை தானே போய்ப் பாக்காம யாருக்கும் காட்டினதில்லீங்க. இந்தக் கிணத்தை மூணு கோடையா வந்து பாத்திருக்கா. கயித்துல கல்லைக் கட்டி விட்டு அளந்திருக்கா. வத்தாது, நம்பலாம். இவ மூலமா வாங்கினவங்க ஒருத்தர்கூட அப்புறம் திரும்பிப் போகல. ஒருத்தர்கூட.” அவர் குரல் உயர்ந்தது. “என்னை எல்லாரும் டிரைவர்னு நினைப்பாங்க. நினைச்சுக்கட்டும். இவளுக்கு வண்டி ஓட்டினவன்னு சொல்லிக்க எனக்குப் பெருமையாத்தாங்க இருக்கு.”

இதை அவர் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லிவிட்டுக் காது வரை சிவந்துபோய் நின்றார். பையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. இருமலா, சிரிப்பா, தெரியவில்லை. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

வாசற்கதவைத் திறந்தார். கூடத்தில் நின்று, “இருக்கியா?” என்று பையைப் பார்த்துக் கேட்டார். பதில் இல்லை. கைபேசியை எடுத்துப் பார்த்தார். தொடர்பு அறுபடவில்லை, திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. காதில் வைத்தார். அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று நகர்ந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது மகள். அவர் வேறொரு சத்தத்துக்காகக் காத்திருந்தார். அந்த இழுப்பு இல்லை.

சன்னல் வழியே வெயில் தரை முழுக்க விழுந்து கிடந்தது. மெக்கானிக்கும் டீச்சரும் கதவோரமாகவே நின்றார்கள்.

“பாத்தது போதுங்க. கிளம்பலாமாங்க?” என்றாள் டீச்சர் மெதுவாக.

அவர் கைபேசியை முன்போலவே தலைகீழாகப் பைக்குள் வைத்தார்.

“இன்னும் பரண் இருக்கு” என்றார்.

ஏணியைச் சாய்த்து, இருவரையும் ஏற்றி, பரணில் வௌவால் தொங்குகிற மூலையைக் காட்டினார். சாயங்காலம் அவை கிளம்பும்போது முகத்தில் மோதுகிறமாதிரி வரும், பயப்பட வேண்டாம் என்றார். அதற்குப் பிறகுதான் கிழக்கு அறையைத் திறந்தார். சன்னலை நிறைத்துக்கொண்டு பேரிக்காய் மரம் நின்றது. “இதுதான் நல்ல அறை” என்று மட்டும் சொன்னார். அவளும் அவ்வளவுதான் சொல்லுவாள்.

வண்டியருகே வந்ததும் மெக்கானிக் அவர் சட்டைப் பைக்கு நேராகக் குனிந்தார்.

“அம்மா, எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா மழையில ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்றோம். அதுவரைக்கும் எங்க அக்கா வீட்டுல இருந்துக்குவோம்.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் எப்போதும் காத்திருப்பாள். மழையில் வந்து பார்க்கிறேன் என்கிறவர்கள்தான் நிலைப்பார்கள் என்பாள். மெக்கானிக் குனிந்தபடியே பதிலுக்கு நின்றார்.

“கேட்டிருப்பா” என்றார் அவர்.

வீட்டு வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

“எதுவரைக்கும் கேட்டா?”

“கிணத்தடி வரைக்கும். பெருமையா இருக்குன்னு சொன்னீங்கல்ல... ‘இந்த மனுஷன் இவ்வளவு பேசுவாராடி’ன்னாங்க. சிரிச்சாங்கப்பா. நல்லாவே சிரிச்சாங்க. அப்புறம் அவ்வளவுதான்.”

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“நீங்க பேசிட்டு இருந்தீங்க. வீடு காட்டும்போது யாராவது நடுவுல பேசினா அம்மாவுக்குப் பிடிக்காது.”

அவர் தலையாட்டினார். உள்ளே போய்ச் சாவியை அதன் ஆணியில் மாட்டினார். பலகையின் கீழே நூலில் கட்டித் தொங்கிய பென்சிலை எடுத்து, அட்டையின் பின்பக்கம் ‘மழைக்கு’ என்று எழுதினார். அவள் அப்படித்தான் எழுதுவாள். அவர் கையெழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போர்வையைக் கழுத்து வரை சரியாக மூடியிருந்தார்கள். தலையணை மேல் மகளுடைய கைபேசி வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

“எல்லாத்தையும் காட்டிட்டேன்” என்றார். “மழைக்கு வர்றாங்களாம்.”

அரை நொடி கழித்து, அவள் காதோரமாக அவர் குரலே மெல்ல அதைச் சொன்னது.