வசனமே பாஸ்வேர்டு

சேலையூர் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்தச் சபையின் அலுவலகத்தில் பீரோவுக்கு ஒரு சாவி, காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு, ஞானஸ்நானப் பதிவேடு இருந்த அலமாரிக்குக் கனமான பூட்டு ஒன்று. அத்தனையையும் இடுப்பில் செருகிக்கொண்டு பதினோரு வருஷமாகக் கட்டிக்காத்தவள் சபையின் செயலாளர் ஜெபசீலி. அந்தக் கொத்தை அவள் கணவர்கூடத் தொட்டதில்லை. ஆனால் சபையின் மெயிலுக்கு அவள் போட்ட பூட்டு இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது!

மெயிலைத் திறக்க வேண்டியவர்கள் மூன்றே பேர்: போதகர், பொருளாளர், அவள். ஆரம்பத்தில் ஆண்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பாஸ்வேர்டை மறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில் போன் போட்டு அவள் உயிரை வாங்கினார்கள். ஜெபசீலி ஒரு வழி கண்டாள். புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று பைபிளிலிருந்து சபைக்கு ஒரு வாக்குத்தத்த வசனம் கொடுப்பார்கள் அல்லவா? அந்த வசனத்தின் அதிகாரமும் எண்ணும்தான் அந்த வருஷத்துப் பாஸ்வேர்டு. யாரும் மறக்க முடியாது. எப்படி மறப்பது, அதே வசனத்தை அட்டையில் அச்சடித்து அறுநூறு வீடுகளுக்கு அவளே கொடுத்திருந்தாளே! போதாக்குறைக்குப் போதகர் ஒருநாள் பிரசங்கத்தில், “நம்ம ஜெபசீலி சிஸ்டர் கம்ப்யூட்டருக்குக்கூட வசனத்தைத்தான் பாஸ்வேர்டா வச்சிருக்காங்க” என்று மெச்சினார். அவள் வெட்கத்தோடு தலை குனிந்துகொண்டாள். பெருமையாகத்தான் இருந்தது.

2007 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை. மெயிலைத் திறந்ததும் சனிக்கிழமை மாலை வந்திருந்த கடிதம் கண்ணில் பட்டது. எழுதியவள் தேவதர்ஷினி. பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடும் குமரேசனின் மனைவி. கை எலும்பு முறிந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சபையில் சொன்னவள். மூன்று வாரத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

‘படப்பையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள பெண்கள் விடுதியில் இருக்கிறேன். ஒரகடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இனி அவர் கையில் சிக்கினால் உயிரோடு இருக்க மாட்டேன். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள், ஜெபம் பண்ணுங்கள்.’

படித்து முடித்தபிறகுதான் உறைத்தது. திறக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். இது அப்படி இருக்கவில்லை. யாரோ ஏற்கெனவே திறந்து பார்த்திருக்கிறார்கள்.

பொருளாளருக்குப் போன் போட்டாள். அவர் மெயிலைப் பார்த்துப் பத்து நாளாகிறதாம். அடக்க ஆராதனைக்குப் போயிருந்த போதகர் திரும்பி வர மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று.

“நான் ஏன் சிஸ்டர் அதத் தொடறேன்? நீங்க பிரிண்ட் எடுத்துக் குடுத்தாத்தானே படிப்பேன்?”

“அப்போ வேற யாரோ பாத்திருக்காங்க பாஸ்டர். நேத்து குமரேசன் கோயிலுக்கும் வரல.”

போதகர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அவசரப்பட்டு யார்கிட்டயும் சொல்லிட வேணாம். சபைக்குத்தான் கெட்ட பேரு. முதல்ல பாஸ்வேர்ட மாத்துங்க. அந்தப் பொண்ணுக்காக ஜெபம் பண்ணுவோம்.”

“நீங்க ஜெபம் பண்ணுங்க பாஸ்டர். நான் பஸ் புடிக்கிறேன்” என்றாள் ஜெபசீலி. பதினோரு வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை.

தாம்பரத்தில் கூட்டத்தோடு முண்டியடித்துப் படப்பை பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் ஜெபம் செய்ய முயன்றாள். வாயில் வந்ததெல்லாம் அந்த வருஷத்து வசனம்தான். அதைச் சொல்லவே கூசியது.

விடுதி வாசலில் செல்லியம்மாள் என்ற காவல்காரம்மா மறித்தாள். “யாரப் பாக்கணும்?” ஜெபசீலி பெயரைச் சொன்னாள். “அந்தப் பொண்ணா? நேத்து வூட்டுக்காரரு வந்தாரு. இன்னா அழுகை அழுதாரு, பாவம்! இன்னிக்கு ஆறு மணிக்கு இட்டுகினு போறாராம்.”

தேவதர்ஷினி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கட்டி முடித்த பெட்டி. ஜெபசீலியைப் பார்த்ததும் மெல்லச் சிரித்தாள்.

“வாங்கக்கா. நான் திரும்பிப் போறேன். அவர் உபவாசம் இருந்தப்போ கர்த்தர் சொப்பனத்துல இந்தத் தெருவையே காட்டினாராம். யார்கிட்டயும் சொல்லாம வந்த எடம். அவர் நேரா வந்து நிக்கிறாருக்கா. ஆண்டவரே காட்டினப்புறம் எதிர்த்து நிக்க நான் யாரு?”

வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டால் சபையின் பெயரும் அவள் பெயரும் பிழைக்கும்.

“கர்த்தர் காட்டலம்மா” என்றாள். “நான்தான் காட்டிட்டேன்.”

பாஸ்வேர்டு, அட்டை, பிரசங்கம், ஏற்கெனவே திறந்திருந்த கடிதம் என்று எதையும் மறைக்காமல் சொன்னாள். தேவதர்ஷினி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

“அப்போ ஆண்டவர் ஒண்ணுமே சொல்லலியாக்கா?”

“எனக்குத் தெரியலம்மா. என்னை மன்னிச்சிடு. மணி அஞ்சாகப்போவுது, எழுந்திரு.”

பெட்டியை ஜெபசீலியே தூக்கிக்கொண்டாள். மார்க்கெட் வழியாக இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். பர்ஸில் இருந்ததையெல்லாம் தேவதர்ஷினியின் கையில் திணித்தாள்.

“எங்க போறேன்னு எங்கிட்டகூட சொல்லாத” என்றாள்.

தூரத்தில் ஒரு பஸ் வந்தது. அதன் பெயர்ப் பலகை கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, ஜெபசீலி சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.