இரண்டு சாண், இரண்டு விரல்

அவர் மனைவி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டு, அம்மாவைத் தெரிந்தவர்களை எல்லாம் வரச் சொல்லியிருந்தாள். ஆளுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும். கடைசியில் அப்பா.

அதுதான் அவருக்குக் கவலை. முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் அடுத்தவர் எழுதியதற்குப் பிழை திருத்தியவர். சொந்தமாக நாலு வரி வேண்டுமென்றால் எங்கே போவார்?

மற்றவர்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அவர் மனைவி தான் வேலை பார்த்த தையல்கடையில் வைத்த பட்டப்பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொருவரும் ஆரம்பித்தார்கள்.

"நான்தாங்க அரைப்பொத்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர், தொந்தியைத் தடவிக்கொண்டு. "மூச்சை அடக்கினாத்தான் எனக்குப் பொத்தான் ஏறும். அதுவும் பாதிதான்னு அக்கா வெச்ச பேரு."

கூடம் குலுங்கியது.

"என்னை ஊக்குன்னுதான் பாட்டி கூப்பிடும்" என்றாள் பேத்தி. "எப்பப் பாரு குத்திக்கிட்டே இருப்பேனாம்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அவர் ஜன்னலோரம் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சிரிப்பும் சுருக்கென்று தைத்தது. இந்த அரைப்பொத்தானுக்கு என்ன யோக்கியதை? வருஷத்துக்கு ரெண்டு சட்டை தைக்கக் கொடுத்தவன். அவனுக்கு ஒரு பேர், பேருக்கு ஒரு கதை. தனக்கு? "இந்தாங்க." அவ்வளவுதான். மாலையில் இதே நாற்காலியில் அவர் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் வந்து முதுகைத் தட்டுவாள். தலையைத் தூக்காமலே "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல, தூசி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஊருக்கெல்லாம் வாய் நிறையப் பேச்சு. கட்டினவனுக்குத் தூசி.

கடைசிக்கு முன்னால் கட்டிங் மாஸ்டர் எழுந்தார். இருபத்தாறு வருஷம் அவளோடு ஒரே மேஜையில் நின்று துணி வெட்டியவர். "அக்கா இருந்தா கடையில ரேடியோவே வேணாம்" என்றார். பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்து மகளிடம் நீட்டினார். "அக்காவோட அளவு நோட்டு. வீட்ல இருக்கட்டும்."

இருபத்தாறு வருஷம். பகல் வெளிச்சம் அத்தனையும் இந்த ஆளுக்கு. அவர் எழுந்துபோய் மகள் கையிலிருந்த நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

"அப்பா, அடுத்து நீங்கதான்."

"அஞ்சு நிமிஷம்."

உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து புரட்டினார். பக்கத்துக்கு ஒரு பட்டப்பெயர், கீழே அங்குலக் கணக்கில் அளவுகள். அரைப்பொத்தானின் இடுப்பில் நாற்பதை அடித்து நாற்பத்திரண்டு, அதையும் அடித்து நாற்பத்துநாலு, பக்கத்தில் 'அடங்க மாட்டார்' என்று ஒரு குறிப்பு. அவருக்கே சிரிப்பு வந்தது. அது வந்ததில் கோபமும் வந்தது.

நடுவில் ஒரு பக்கத்துக்குத் தலைப்பே இல்லை. பிழை திருத்தின விரல் பழக்கத்தில் அங்கே நின்றது. அப்புறம்தான் அளவைப் பார்த்தார்.

'தோள் இரண்டு சாண், இரண்டு விரல். கை மூன்று சாண். இடது கை அரை விரல் கம்மி.'

அங்குலமே இல்லை. அப்படியென்றால் டேப் இல்லை. கையை விரித்து முதுகில் வைத்து எடுத்த அளவு. ஆண் சட்டை. ஒரு தடவை அல்ல. நீலம், கறுப்பு, பச்சை என்று மை மாறி மாறி, பக்கம் முழுக்க வருஷங்கள்.

காது சுட்டது. யார் முதுகு?

கதவருகே போய் மாஸ்டரைக் கூப்பிட்டார். "இது யாரு?"

மாஸ்டர் பக்கத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தெரியாதுங்களா சார்?"

"தெரிஞ்சா உங்களைக் கேப்பேனா?"

"நானும் கேட்டிருக்கேன். 'அந்த ஆளு டேப்புக்கு எந்திரிச்சு நிக்க மாட்டாரு. புத்தகத்தை மூடச் சொன்னா மூஞ்சி முழ நீளத்துக்குப் போகும்'னு சிரிப்பாங்க. அவருக்கு மட்டும் ஏங்க்கா பேர் வெக்கலைன்னேன். 'வெச்சா நீங்கல்லாம் கூப்பிட ஆரம்பிச்சிடுவீங்க. வேலையப் பாரு'ன்னுட்டாங்க."

மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அவர் அப்படியே நின்றார். ஊரில் புத்தகம் படிக்கிறவன் நான் ஒருத்தன்தானா? இவ்வளவு கேட்ட பிறகும் மனசு அந்தக் கேள்வியை விடவில்லை. அவள் தைத்த சட்டைதான் அவர் உடம்பில் இருந்தது. அளவு ஏது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பழைய சட்டையை வைத்து வெட்டுகிறாள் என்று நினைத்திருந்தார்.

மகளைக் கூப்பிட்டார். அம்மாவின் வளையல்கள் அவளுக்கு அப்படியே பொருந்தும். அதே கை.

"என் தோளை அளந்து பாரு. கையால."

"இப்பவாப்பா? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அளம்மா."

முதுகில் கை விரிந்தது. "ஒரு சாண்... ரெண்டு சாண்..." அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் ஒரு விரல்."

"ரெண்டு விரல் இல்லையா? சரியாப் பாரு!"

"ஒண்ணுதான்ப்பா."

நோட்டை மறுபடி விரித்தார். பக்கத்தின் அடியில், நடுங்கிய எழுத்தில், போன வருஷத் தேதி. 'தோள் இரண்டு சாண், ஒரு விரல். இளைத்துவிட்டார். சொன்னால் கேட்க மாட்டார்.'

மகளின் கை முதுகிலேயே இருந்தது. அவள் எடுக்கப் போனபோது, "இருக்கட்டும்" என்றார்.

இரண்டு சாண் வைத்து, அதற்குமேல் விரலும் எண்ண எவ்வளவு நேரம் ஆகும்? நாலு மூச்சாவது ஆகும். தூசி தட்டுகிற சாக்கில் அந்த நாலு மூச்சும் அவள் பின்னால் நின்றிருக்கிறாள். ஜன்னலோரம் ஒரு மடையன், வருஷம் தவறாமல், பக்கத்தைப் புரட்டிக்கொண்டு "என்ன?" என்றிருக்கிறான். அரைப்பொத்தான் மேலும் மாஸ்டர் மேலும் காலையிலிருந்து பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமே இல்லை. அவன் மேல்தான் வயிறு எரிந்தது. அவனுக்கு அந்தக் கை கிடைத்திருந்தது.

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றார். பேச்சு அடங்கியது. வாய் திறக்கவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் உதவிக்கு வந்தார்.

"அண்ணே, உங்களுக்கு அக்கா என்ன பேரு வெச்சிருந்தாங்க? அதையாவது சொல்லுங்க."

நோட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.