ஃப்ளோரன்ஸுக்கு ஆடாத அறை

1
இந்தக் கதை என் கற்பனை இல்லை. என்னோடு சாந்தோமில் பாடம் நடத்தும் அகஸ்டின், தன் அக்கா ஃப்ளோரன்ஸின் கப்பல் பயணத்தைச் சொல்லிக்கொண்டே என் இட்லியில் இரண்டைத் தின்றுவிட்டான். அதற்கு ஈடாக நான் எடுத்துக்கொண்டது இது.

முதல் வரி இப்படி வந்தது: ‘நீலக்கடல் அவளை அழைத்த…’

(வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து டிராமில் போனாலே ஃப்ளோரன்ஸுக்கு வாந்தி வரும். கடல் எதற்கு அவளை அழைக்கப்போகிறது?)

2
கல்யாணமான நான்காம் மாதம் பினாங்குக்கு வேலைக்குப் போனவர் ஃப்ளோரன்ஸின் கணவர் ஆம்ப்ரோஸ். அப்புறம் யுத்தம். ஐந்து வருஷம் கழித்து, 1946இல், ‘புறப்பட்டு வா’ என்று மனைவிக்குக் கடிதம் போட்டார்.

அகஸ்டின் சிலேட்டில் கப்பல் வரைந்தான். “தராசு மாதிரிதான்க்கா. தட்டு ரெண்டும் ஏறி எறங்கும். நடுவுல புடிச்ச எடம் அசையாது. நடுவுல, கீழ்த்தட்டுல ரூம் எடு.”

(அவன் அதுவரை ஏறியதிலேயே பெரியது அடையாற்றுப் படகு.)

3
கப்பல் ஆபீஸ் குமாஸ்தா அப்துல் கய்யூம் வரைபடத்தை விரித்தார். இரண்டு அறைகள்தான் மிச்சம். நடுவில், கீழே, ஜன்னல் இல்லாதது ஒன்று. முன்பக்கம், மேலே, ஜன்னல் வைத்தது ஒன்று. ஃப்ளோரன்ஸ் யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டாள். மறுவாரமும் வந்து அதையே சொன்னாள்.

(அவளைப் பயந்தவளாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. யுத்தத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியானபோதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடாமல் இருந்தவள்.)

மூன்றாம் முறை கய்யூம் கேட்டார்: “ரூமுதான் பிரச்னையாம்மா? இல்ல, வேற எதுனா கீதா?”

அவள் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவரு மொகம் எனக்குச் சரியா ஞாபகம் வரல. எறங்கினதும் வேற யாரு முன்னாலயாவது போய் நின்னுட்டா?”

கூட வந்திருந்த அகஸ்டினுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

கய்யூம் சிரிக்கவில்லை. “அவருக்கும் அதே பயம் இருக்கும்மா. நடுவுல கீற ரூமையே போடறேன். தெளிவா எறங்குங்க.”

அவள் தலையாட்டினாள்.

4
வழியனுப்ப ஏறிய அகஸ்டினுக்குக் கயிறு அவிழ்க்கும் முன்பே தலை சுற்றியது. ஃப்ளோரன்ஸ்தான் அவன் கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து இறக்கிவிட்டாள். (இது பிறகு கய்யூம் என்னிடம் சொன்னது. அகஸ்டின் மறுக்கிறான்.)

கதைக்கு முடிவாக, பினாங்குத் துறைமுகத்தில் ரோஜா மாலையோடு ஆம்ப்ரோஸை நிறுத்தினேன், கிழித்தேன். வழுக்கையாக்கினேன், அதையும் கிழித்தேன்.

என்னிடம் இருப்பது பினாங்கிலிருந்து அவள் அகஸ்டினுக்குப் போட்ட கார்டு மட்டும்: ‘கப்பல் என்னை ஒன்றும் செய்யவில்லை. இறங்கி அவரைப் பார்த்ததும்தான் தலை சுற்றியது. மற்றவை பின்னால்.’

எட்டு மாதமாகிறது, மற்றவை வரவில்லை. அது எந்த மாதிரித் தலைசுற்றல் என்று, கல்யாணமாகாத எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆனவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.