தோளில் இருந்த கை

அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் முகம் ஓய்வு பெறவில்லை. வீட்டில் இருந்த படங்கள் எல்லாவற்றிலும், படம் எடுப்பவனையே டிக்கெட் கேட்பது போல நின்றிருந்தார். அவர் இறந்த மறுநாள், கூடத்தில் மாட்ட நல்ல படம் ஒன்று தேடி அவர் மனைவி பெட்டி பெட்டியாகக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இதுல ஏதாவது ஒண்ணை மாட்டும்மா. அப்பான்னா இப்படித்தானே" என்றாள் மகள்.

"துக்கம் கேக்க வர்றவங்க வாசலோட திரும்பிடுவாங்கடி. அவரு சிரிப்பாருன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். நானும் போயிட்டா அதுக்குச் சாட்சியே இல்ல."

பீரோவின் அடித்தட்டில் ஒன்று அகப்பட்டது. வாய்கொள்ளாத சிரிப்பு. பக்கத்தில் அவருடைய தம்பி, அண்ணன் தோளில் கை போட்டபடி.

சங்கடம் அங்கேதான். அண்ணன் டூட்டியில் இருக்கிற வண்டிதானே என்ற தைரியத்தில், கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டாரோடு டிக்கெட் எடுக்காமல் ஏறியவர் அந்தத் தம்பி. மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டினார். அன்றோடு பேச்சு நின்றது. சாவுச் செய்தி சொல்லியும் ஆள் வரவில்லை.

"கூட நிக்கிறவரை எடுத்துடலாம்மா, கைதான் வம்பு பண்ணுது" என்றார் ஸ்டூடியோக்காரர். கையை அழித்து, புதிதாக ஒரு தோளும் வைத்துக் காட்டினார். அது எவனோ பயில்வானின் தோள்.

"வேண்டாம். கை இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள்.

படம் கூடத்தில் ஏறியது. வந்தவர்கள் முதலில் சிரிப்பைப் பார்த்துத் திகைத்தார்கள். பிறகு கையைப் பார்த்தார்கள். "அது யார் கை?" என்று கேட்காதவர் இல்லை. "வேண்டியவங்க கைதான்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. பழைய ரயில்வே நண்பர் ஒருவர் மட்டும், "இவரையும் ஒருத்தன் பிடிச்சிருக்கான் பாரு" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் மாலை வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். தலை நரைத்திருந்தது. அவர் கண் நேராகப் படத்துக்குப் போனது.

"அண்ணி, அது என் கை மாதிரி இருக்கே."

"உங்க கைதான் தம்பி. கை நேத்தே வந்துடுச்சு. ஆளுதான் இப்ப வர்றீங்க."

தம்பி செருப்பைக் கழற்றவில்லை. சட்டைப் பையைத் துழாவி, கசங்கிய ரயில் டிக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கினாள். புருஷன் செய்வது போலவே கண்ணருகே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, தேதி வரை பார்த்தாள். படத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"சரியாத்தான் இருக்கு. உள்ள வாங்க."