பஸ்ஸைப் பார்த்துச் சொல்லு

அந்தோணியார் கோயில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரூபி டீச்சர் வாய்ப்பாடு சொன்னால் தெருமுனை டீக்கடைக்காரரும் கூடச் சேர்ந்து சொல்வார், அப்பேர்ப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டைதான் தொண்ணூத்தாறாம் வருசம் ஒரு கேசட்டுக்குள் காணாமல் போனது.

மஸ்கட்டில் வேலை பார்த்த கிளெமென்ட்டுக்கும் அவளுக்கும் கல்யாணப் பேச்சு. என்னைப் பிடித்திருக்கிறதா, உன் குரலிலேயே சொல்லி அனுப்பு என்று கேட்டிருந்தான். பதிந்து அனுப்பினாள். பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. வெறும் இரைச்சல்தான் கேட்கிறதாம், பிடிக்கவில்லையென்றால் நேராகச் சொல்லிவிடலாமாம். ரூபிக்கு உசுரே போய்விட்டது. பிடிக்கவில்லையா! அவன் போட்டோ அவள் தலையணைக்கடியில் கிடந்து நசுங்கியே போயிருந்தது.

லீவுக்கு வந்திருந்த அவன் கூட்டாளி அன்றைக்குச் சாயங்கால வண்டியில் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்பலாம். ரூபி புது கேசட்டோடு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சடையாண்டியின் மைக்செட் கடைக்கு ஓடினாள். அவர் டேப்பின் ஹெட்டைப் பஞ்சால் துடைத்தார். வால்யூமைக் கடைசி வரை திருகினார். அவளைப் பேசச் சொல்லிப் பதிந்து போட்டுப் பார்த்தால், ஃபேன் சத்தம்தான் புயலாகக் கேட்டது. செத்த நேரம் அவளையே உற்றுப் பார்த்தவர், மைக்கைக் கண்டதும் ஏன் முக்காடு போட்டுக் குனிகிறாய் என்று கேட்டார்.

ரூபி தலையைத் தொட்டுப் பார்த்தாள். சேலைத் தலைப்பு தானாக ஏறி உட்கார்ந்திருந்தது. அட என் அந்தோணியாரே! பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டிபோட்டு, வலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஃபாதர் காதில் செய்த பாவத்தையெல்லாம் சின்ன வயசிலிருந்து கிசுகிசுத்தே பழகியவள். மைக்கிலும் வலை. பார்த்ததும் வாய் அடங்கிவிடுகிறது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

சடையாண்டி மைக்கை அவள் தலைக்கு மேலே தொங்கவிட்டு, பட்டனை அமுக்கினார்.

"அதைப் பார்க்காதம்மா. எதிர்ல நிக்கிற பழனி பஸ்ஸைப் பார்த்துச் சொல்லு."

"கிளெமென்ட், எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. மே மாசம் வாங்க."

பஸ்ஸில் இருந்த அம்புட்டுப் பேரும் திரும்பினார்கள். வந்துருவாருக்கா, கவலைப்படாதீங்க என்று கண்டக்டர் படியிலிருந்து கத்தினார். எல்லாமே பதிந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்றார் சடையாண்டி. ரூபி கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே போனாள்.

மே மாசம் கோயில் கொள்ளாத கூட்டம். ஃபாதர் சம்மதமா என்று கேட்டு மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டினார். வலை! உதடு அசைந்தது, குரல் வரவில்லை. பின்வரிசையில் சலசலப்பு. மாமியார் முகம் மாறியது. கிளெமென்ட் அவள் பக்கம் சாய்ந்தான்.

"ரூபி, பஸ்ஸைப் பார்த்துச் சொல்லு."

அவள் நிமிர்ந்து வாசலைப் பார்த்துச் சொன்ன சம்மதம், தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது.