மருமகன் கை பட்டால் திறக்கும் கணினி

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு ஸம்றாவின் கணினி மறுபடியும் தன்னைப் பூட்டிக்கொண்டு ஆறு இலக்கம் கேட்டது. புதன்கிழமையிலிருந்து இது நான்காவது தடவை. அந்த இலக்கத்தை அவள் வைக்கவும் இல்லை, அது என்னவென்று அவளுக்குத் தெரியவும் இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்துகொண்டிருந்த கணினி அது.

ஸம்றாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது நிந்தவூரில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அன்றைய கோபத்துக்கு நியாயம் இருந்தது. முதுமாணிப் படிப்புக்கான புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும் நேரம் பிற்பகல் மூன்று மணியோடு முடிகிறது. நெல் வயல்களில் உவர் ஏறுவதைப் பற்றி எட்டு மாதமாக எழுதிய ஆய்வுத் திட்டம் அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடவும் முடியாது. அடுத்த வருடம் அவள் வயதெல்லையைத் தாண்டிவிடுவாள்.

இதுவரை பூட்டிய மூன்று தடவையும் அவள் கணவன் ஹாதிக்தான் திறந்து கொடுத்தான். கல்முனையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்பவன். முதல் நாளே அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"நீ கண்ட கண்டதையெல்லாம் இறக்கிறாய். வைரஸ் பூந்திரிக்கி. தள்ளு, நான் பாக்கிறன். போய் ஒரு பிளேன்டி ஊத்திட்டு வா."

அவள் தேநீரோடு திரும்பி வரும்போது கணினி திறந்திருக்கும். அவளுடைய உம்மா ஜுனைதாவுக்கு ஒரே பூரிப்பு.

"மருமகன்ட கையில ஏதோ இரிக்கி புள்ள. நீ தொட்டாப் பூட்டுது, அவர் தொட்டாத் திறக்குது."

தன்னுடைய பிழைதான் என்று ஸம்றாவும் நம்பினாள். நம்பியதுதான் பெரிய கொடுமை. உவர் அளவுகளை வரைபடமாக்கும் மென்பொருளை வைரஸ் என்று பயந்து தன் கையாலேயே அழித்தாள். ஐந்து நிமிடம் சும்மா விட்டால் பூட்டிக்கொள்கிறது என்பதால், கறியைக் கிளறுவதும் ஓடி வந்து மவுசை அசைப்பதுமாக மூன்று நாள் பைத்தியக்காரி மாதிரி அலைந்தாள்.

இன்று ஹாதிக் கந்தோரில் வேலையில் இருந்தான். அழைத்தால் எடுக்கவில்லை. சாய்ந்தமருதில் கணினி திருத்தும் றிம்சானுக்குப் போன் எடுத்தாள்.

"ராத்தா, நம்பர் கேக்கிற பெட்டிக்குக் கீழ என்னமாச்சும் எழுதிக் கிடக்கா?"

சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி கிடந்தது. ஏதோ விளம்பரம் என்று மூன்று நாளாக அவள் வாசிக்காமல் விட்ட வரி. வாசித்தாள். ஹாதிக்கின் கம்பனியின் பெயர்.

"அப்ப வைரஸுமில்ல ஒண்டுமில்ல" என்றான் றிம்சான். "ஆரோ அதுல கந்தோர் மெயிலத் திறந்திரிக்காங்க. இது ஒங்கட சொந்தக் கொம்பியூட்டரா எண்டு அது கேக்கும். ஓம் எண்டு அமத்தினா, அதுக்குப் பொறகு கந்தோர்ட சட்டம்தான். அதுதான் பூட்டுது, அதுதான் நம்பர் கேக்குது. நம்பர் வெச்சவர்ட்ட கேளுங்க ராத்தா. எனக்கு ஜும்ஆவுக்கு நேரமாகுது."

ஜும்ஆ முடியும் வரைக்கும் அவள் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. மூன்று தடவையும் அவன் எதையும் திருத்தவில்லை. தான் வைத்த இலக்கத்தைத் தானே அடித்துவிட்டுத் தேநீர் குடித்திருக்கிறான். அவளைக் குசினிக்கு விரட்டியது அதற்குத்தான். உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு.

ஒன்றே முக்காலுக்குத் தொப்பியோடு ஹாதிக் வந்தான்.

"இது திறக்குதில்ல. ஒருக்காப் பாருங்க."

"திரும்பவுமா? சரி, போய் ஒரு பிளேன்டி..."

"ஊத்தி வெச்சிரிக்கன். நான் இஞ்சதான் நிக்கிறன்."

அவன் கதிரையில் இருந்தான். விரல்களை நீட்டினான், மடக்கினான். "நீ பக்கத்துல நிண்டா எனக்கு ஒண்டும் ஓடாது புள்ள."

ஸம்றா அந்தச் சின்ன வரியின் மேல் விரலை வைத்தாள். "இது ஒங்கட கம்பனிட பேரா, வைரஸ்ட பேரா?"

 அவன் ஆறு இலக்கத்தையும் தடுமாறாமல் அடித்தான். கணினி திறந்தது. வாசலில் நின்ற ஜுனைதா உம்மா உள்ளே போய்விட்டார்.

அழித்த மென்பொருளைத் திரும்ப ஏற்ற நேரமில்லை. பழைய வரைபடங்களை அப்படியே வைத்து இரண்டு நாற்பத்தாறுக்கு விண்ணப்பத்தை அனுப்பினாள். விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது. மவுசை மேசையில் அறைந்து வைத்தாள்.

"முடிஞ்சிதானே" என்றான் ஹாதிக். "இனி என்ன கோவம்?"

"விண்ணப்பம் முடிஞ்சி. நீங்க சொன்ன பொய் முடியல்ல. என்ட கொம்பியூட்டர ஒங்கடயெண்டு எப்பிடி அமத்தினீங்க? உம்மாவுக்கு முன்னால என்னய மடச்சியாக்கினீங்களே, வெக்கமில்லயா?"

அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. நான்கு வருடத்துக்கு முன் ஹாதிக்கும் ஒரு சூட்கேசோடு வந்தான். வீடு அவளுடைய வாப்பா கத்தாரில் உழைத்துக் கட்டி ஸம்றாவின் பேருக்கு எழுதியது. கட்டில், அலுமாரி, கணினி எல்லாம் அவளுடையவை.

"இந்த ஊட்டுல என்டயெண்டு என்ன இரிக்கி?" அவன் சத்தம் போடவில்லை. "ஒன்டயா எண்டு அது கேட்டிச்சி. நாலு வருசத்துல என்னட்ட அப்பிடி ஒருத்தரும் கேக்கல்ல. ஓம் எண்டு அமத்திட்டன். பொறகு சொல்ல வெக்கமாப் போயிற்று."

"என்னட்டக் கேட்டிருந்தாத் தந்திருப்பனே!"

"கேட்டு வாங்கினா அது என்டயாகுமா ஸம்றா?"

 மூன்று நாள் பொய் சொன்னவன் அவன், நியாயம் முழுக்க அவள் பக்கம். அப்படியிருந்தும் வாயடைத்து நிற்பது அவளாக இருந்தது. அதற்கும் சேர்த்து அவன் மேல் கோபம் வந்தது.