ஆட்டக்காரர் நீக்கப்பட்டார்

அவனுக்கு வகுப்பில் 'அப்டேட்' என்று பெயர். எந்த மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தாலும் முதல் நாளே இறக்கிவிடுவான். பழையதில் என்ன குறை என்று கேட்டால் தெரியாது. புதியதில் என்ன சிறப்பு என்றாலும் தெரியாது. திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அவ்வளவுதான்.

புது கேம்களும் அப்படித்தான். ஒரு கேம் இறங்க மூன்று நாள். அந்த மூன்று நாளில் அதற்கு வந்துவிட்ட திருத்தங்கள் இறங்க இன்னொரு நாள். திறந்தால் கதாநாயகன் மலை உச்சியில் நின்று செத்துப்போன அப்பாவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவான். நிறுத்த முடியாது. பிறகு ஒரு கடை திறக்கும். வாளுக்கு உறை வாங்கு, குதிரைக்குத் தொப்பி வாங்கு என்று கூவும். வாளை உருவும் நேரம் வரும்போது அவனுடைய மடிக்கணினி கொதித்து அணைந்துவிடும். மறுநாள் நண்பர்களிடம் "செம கேம்டா" என்பான். அவர்களும் ஆமாம் என்பார்கள். அவர்களுக்கும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் அணைந்திருக்கும்.

வீட்டில் மாமா இன்னும் முன்னேறியவர். பேருந்து ஓட்டுநர். அவருடைய போன் கேமில் 'தானாக ஆடு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, சாப்பிட உட்கார்ந்துவிடுவார். போனுக்குள் வெட்டும் குத்துமாக இருக்கும்.

"யார் மாமா ஜெயிக்கிறது?"

"நான்தான்டா. அந்த உப்பை இப்படித் தள்ளு."

இறுதியாண்டில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கேம் செய்து காட்ட வேண்டும். அப்டேட்டுக்குத் துணையாக வந்தவள் 'வக்கீல்'. வருகைப் பதிவு குறைந்தபோது அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று வாதாடி, அவள் விடுப்பு எடுத்ததற்கு அவர்களையே மன்னிப்புக் கேட்க வைத்தவள். அவள் கையில் ஒரு கம்பெனியின் வேலைக் கடிதம் இருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். புராஜெக்டில் தேறியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தவறினால் மறுதேர்வு ஆறு மாதம் கழித்து. கம்பெனி ஆறு நாள்கூடக் காத்திருக்காது. அந்தக் கடிதத்தை நம்பித்தான் அவள் தங்கை கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

"இங்க பாரு, உனக்கு இது மார்க். எனக்கு அப்படி இல்ல. சொதப்பின, உன் லேப்டாப்பைத் தூக்கி உன் தலையிலயே போடுவேன்" என்றாள் முதல் நாள்.

"நான் இருக்கேன்ல."

"அதான் பயமா இருக்கு."

கேமை அவர்களே யோசித்தார்கள். அதில் கருவி எதுவும் உதவவில்லை. லிப்ட் பழுதான அடுக்குமாடி. தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு ஏழாவது மாடிக்கு ஏற வேண்டும். முதல் மாடியில் நாய். மூன்றில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். ஐந்தில் குடியிருப்போர் சங்கத் தலைவர். மாட்டினால், அவர் கேள்விகள் கேட்டு முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். கேன் விழுந்தால் மறுபடியும் கீழே இருந்து. இரண்டு பேரும் ஒரு மத்தியானம் முழுக்கக் காகிதத்தில் படம் போட்டுச் சிரித்தார்கள். புராஜெக்டில் அவர்கள் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் துறைத்தலைவர் மதிப்பெண் தாளைக் கொடுத்தார். நவீனக் கருவிகளுக்கு நாற்பது. பிழையின்மை அறிக்கைக்கு முப்பது. விளக்கப்படங்களுக்கு இருபத்தைந்து. கேமுக்கு ஐந்து.

"கேமுக்கு அஞ்சுதானா சார்?"

"கம்பெனிக்காரன் கேமையா பாக்கறான்? எத்தனை டூல் தெரியும்னு பாக்கறான். போன வருஷம் ஒரு டீம் பன்னெண்டு டூல் காட்டுச்சு. நீங்க அதைத் தாண்டணும்."

தாண்டினார்கள். வேலைகளை எழுதி வைக்க ஒரு கருவி. எழுதியதை நினைவூட்ட ஒன்று. நினைவூட்டல் தொல்லை தாங்காமல் அதன் வாயை அடைக்க ஒன்று. எல்லாக் கருவிகளின் கடவுச்சொற்களையும் காக்க ஒன்று. அதன் கடவுச்சொல்லை வக்கீல் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தாள். மொத்தம் பதினேழு. வாரத்தில் நான்கு நாள் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பதில் போனது. ஐந்தாம் நாள் அவற்றில் ஒன்று புதுப்பிக்கப்பட்டு, மற்றவற்றோடு பேச்சை முறித்துக்கொண்டது. புதுப்பித்தது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பதினேழாவது கருவியின் பெயர் 'துணைவன்'. என்ன வேண்டும் என்று சாதாரணப் பேச்சில் சொன்னால் போதும், நிரலை அதுவே எழுதிவிடும். எதைச் சொன்னாலும் முதலில் "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று பதில் வரும். வீட்டிலோ வகுப்பிலோ யாரும் அப்டேட்டிடம் அப்படிச் சொன்னதில்லை. அவன் அதற்கு அடிமையானான். தண்ணீர் கேன்காரருக்கு மீசை வேண்டுமா என்றுகூட அதனிடம்தான் கேட்டான். அந்தக் கேள்வியும் முற்றிலும் சரியாம்.

துணைவனிடம் ஒரு சோதனை நிரல் உண்டு. அது தாறுமாறாக விசைகளை அமுக்கி, ஆயிரக்கணக்கான தடவை ஆடிப் பார்த்து, பிழைகளைப் பட்டியல் போடும். மதிப்பாய்வுக்கு இரண்டு நாள் முன்பு பட்டியலில் இருநூற்றுப் பதினான்கு பிழைகள். கேன்காரர் சுவருக்குள் நுழைந்தார். அந்தரத்தில் நின்றார். ஒருமுறை கேன் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறியது.

அவர்களும் ஆடிப் பார்த்தார்கள். ஆடியதில் மேலும் மூன்று பிழைகள் கிடைத்தன. அதனால் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஒழுங்கா, கண்டிப்பாச் சொல்லு அதுகிட்ட" என்றாள் வக்கீல். அவள் விளக்கப்படங்களுக்குப் பின்னணி நிறம் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்டேட் தட்டினான்: 'ஒரு பிழைகூட வரக்கூடாது. என்ன வேண்டுமானாலும் செய்.'

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்றது துணைவன். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தும்விட்டது. பிழைகள்: பூஜ்யம். என்னென்ன மாற்றினேன் என்று அறுபது பக்க அறிக்கை ஒன்றும் கொடுத்தது. அதைச் சுருக்கித் தரும் கருவியிடம் கொடுத்தான். அது கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. வக்கீல் அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

மதிப்பாய்வு காலை பத்து மணிக்கு. ஆய்வகத்தில் ஏசி ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. வெளித்தேர்வாளர் ஒரு பெண். ஏதோ கம்பெனியில் பதினைந்து வருடமாக நிரல் எழுதுகிறவர். சுழல் நாற்காலியின் ஒரு சக்கரம் உடைந்திருந்ததால் சற்றே சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். மதிப்பெண் யார் போட்டாலும், தேர்ச்சிக் கையெழுத்து அவருடையது.

வக்கீல் இருபத்திரண்டு படங்களை விளக்கினாள். பத்தொன்பது படங்களில் கருவிகளின் சின்னங்கள். துறைத்தலைவர் ஒவ்வொரு சின்னத்துக்கும் தலையசைத்தார். தேர்வாளர் கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் விட்டார்.

"எல்லாம் சரிம்மா. கேம் எங்க?"

"பிழையே இல்லாத கேம் மேடம். நம்ம துறையிலயே முதல் தடவை" என்று துறைத்தலைவர் முந்திக்கொண்டார்.

"அப்படியா? விசைப்பலகையைக் குடுங்க. நானே ஆடறேன்."

கொடுத்தார்கள். திரையில் மீசைக்காரர் கேனைத் தூக்கினார். தேர்வாளர் வலப்பக்க அம்பை அமுக்கினார். மீசைக்காரர் வலப்பக்கம் போனார். தேர்வாளர் இடப்பக்க அம்பை அமுக்கினார். மீசைக்காரர் வலப்பக்கமே போனார். நாயைத் தாண்டினார். தேர்வாளர் கையை எடுத்துக் கட்டிக்கொண்டார். மீசைக்காரர் சைக்கிள்களைத் தாண்டினார். சங்கத் தலைவர் திரும்பும்வரை தூணுக்குப் பின்னால் நின்று, நழுவி, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் ஏழாவது மாடியில் கேனை இறக்கினார்.

திரையில் பூமழை. 'வெற்றி! உங்களுக்கு வாழ்த்துகள்!'

"யாருக்கு வாழ்த்து?" என்றார் தேர்வாளர்.

அப்டேட்டின் முகத்தில் ஈயாடவில்லை. தேர்வாளர் அறிக்கையை இழுத்து வைத்துப் புரட்டினார். நாற்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தி, வாய்விட்டுப் படித்தார்.

"'பிழைகள் இருநூற்றுப் பதினான்கு. அனைத்துக்கும் பொதுவான காரணம்: ஆட்டக்காரர். எனவே ஆட்டக்காரர் நீக்கப்பட்டார். அவருடைய இடத்தில் சோதனை நிரல் அமர்த்தப்பட்டுள்ளது. இனி பிழை நேராது.'"

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "அதான் மேடம் புதுமையே. பயனருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. இன்னிக்கு உலகமே அங்கதான போகுது."

"சார், ஒரு நிமிஷம். நான் இவங்களைக் கேக்கறேன்." தேர்வாளர் வக்கீல் பக்கம் திரும்பினார். "இது நீங்க யோசிச்சு செஞ்சதாம்மா?"

துறைத்தலைவர் வக்கீலுக்குக் கண்ணைக் காட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கையெழுத்து விழும், கடிதம் பிழைக்கும். அவள் நினைத்தால் இதற்கு ஒன்றரை மணி நேரம் வாதாடலாம். அப்டேட் அவளைப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது. பேச்சு வரவில்லை. அவளை அப்படி அவன் இதற்கு முன் கண்டதே இல்லை.

"இல்ல மேடம்" என்றான் அவன். "எங்களுக்கே இப்பதான் தெரியும். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"டேய், உன்னை யாரு எனக்காகப் பேசச் சொன்னது?" அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "கையெழுத்துப் போட்டது நான் மேடம். படிக்காமப் போட்டேன். அறுபது பக்கம்."

"சரி. அப்ப நான் மட்டும் எப்படிப் படிக்காமப் போடறது?" தேர்வாளர் பேனாவை மூடினார். "இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ஆட்டக்காரனைத் திருப்பி உள்ள விடுங்க. நான் ஆடணும். அந்தத் துணைவன் வேண்டாம், நீங்களே எழுதுங்க."

"கருவி இல்லாமயா? பாவம் மேடம், பசங்களுக்குப் பழக்கமில்ல" என்றார் துறைத்தலைவர், நிஜமான இரக்கத்தோடு.

இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தார்கள். தொள்ளாயிரம் கோப்புகள் இருந்தன. எல்லாம் அவர்கள் செய்ததுதான். எதிலும் அவர்களுக்கு அறிமுகமில்லை. அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை தேடுவதுபோல் திறந்து திறந்து மூடினார்கள்.

"நடக்கறது எங்க எழுதியிருக்கு?"

"இதா?"

"அது நாய் நடக்கறது."

"ரெண்டும் ஒண்ணுதானே. நாயைப் பாத்து எழுது."

இருபது நிமிடம் கழித்து இடம் கிடைத்தது. சோதனை நிரலைக் கழற்றி எடுத்தார்கள். விசையை அமுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்பதை முதலாண்டில் ஒரு பாடமாக நடத்தியிருந்தார்கள். அன்றைக்கு அப்டேட் ஒரு கேம் இறக்கிக்கொண்டிருந்தான். வக்கீல் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். இடது. வலது. குதி. ஓட்டிப் பார்த்தால் மீசைக்காரர் தரைக்குள் குதித்தார்.

"கூட்டற இடத்துல கழிச்சிருக்க பாரு."

"நீதான் கழின்னு சொன்ன."

"நான் சொன்னா செஞ்சிடுவியா? உனக்கு மூளை இல்ல?"

துணைவன் ஒருநாளும் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. குறியை மாற்றினான். குதித்தார். மொத்தம் பதினான்கு வரி. நேரம் முடிந்திருந்தது.

தேர்வாளர் சாய்ந்த நாற்காலியை இழுத்துப் போட்டு விசைப்பலகையில் கை வைத்தார். மீசைக்காரர் கிளம்பினார். நாய் கவ்வியது. கேன் படிக்கட்டில் உருண்டது.

"அட!" என்றார். மறுபடி ஆடினார். நாயைத் தாண்டினார். சைக்கிள் மோதியது. மூன்றாவது தடவை மீசைக்காரர் நான்காம் மாடிச் சுவருக்குள் புகுந்து, கட்டடத்துக்கு வெளியே அந்தரத்தில் கேனோடு நின்றார்.

"இது பிழைதானே?"

"ஆமா மேடம்" என்றார்கள் இரண்டு பேரும்.

"திரும்ப உள்ள வர முடியுமா?"

"தெரியல மேடம். இதுவரைக்கும் யாரும் போனதில்ல."

வலப்பக்கம், இடப்பக்கம், மேலே என்று அமுக்கிப் பார்த்தார். வரமுடியவில்லை. சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்து தேர்ச்சிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வக்கீல் அந்தத் தாளை வாங்கி, ஒரு எழுத்து விடாமல் மேலிருந்து கீழே படித்தாள். பிறகுதான் தன் கையெழுத்தைப் போட்டாள்.

துறைத்தலைவருக்குப் பிழையின்மை முப்பது மதிப்பெண்ணை அடிக்க மனமில்லை. பூஜ்யம் என்ற சொல் எவ்வளவு அழகாக இருந்தது. "எத்தனை பிழைன்னு நானே பாத்துதான் எழுதணும்" என்று சொல்லி, தேர்வாளர் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். நாய் கவ்வியது.

"இது கணக்குல வராது. கை வழுக்கிடுச்சு."

அடுத்த அணி இருபத்தைந்து கருவிகளின் படங்களோடு வாசலில் வந்து நின்றது. அவர்களை உட்காரச் சொல்ல ஆளில்லை. தேர்வாளர் துறைத்தலைவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், குதிங்க! இப்ப குதிங்க சார்!" என்று வக்கீல் கத்தினாள்.

"இரும்மா, அவசரப்படுத்தாத" என்றார் அவர். நாய் மறுபடியும் கவ்வியது.